பழகின முத்திரை

ஜெசிந்தாவும் கிளமெண்டும் சண்டை போடாத நாள் என்று ஒன்று இருந்தால், அது இரண்டு பேரில் ஒருவருக்குத் தொண்டை கட்டியிருந்த நாளாகத்தான் இருக்கும். கல்யாணமான புதிதில் பக்கத்து வீட்டார் பதறிப்போய் சமாதானம் செய்ய வந்தார்கள். போகப்போக விட்டுவிட்டார்கள். தூத்துக்குடியில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பு முழுக்க அவர்கள் குரலுக்குப் பழகிப்போயிருந்தது. வீடு அமைதியாக இருந்தால்தான் யாராவது கதவைத் தட்டி, உடம்பு கிடம்பு சரியில்லையா என்று விசாரிப்பார்கள்.

சண்டைக்குக் காரணம் பெரிதாக வேண்டாம். மின்விசிறியின் வேகம் போதும், ஞாயிறு பூசைக்குக் கிளம்பும் நேரம் போதும். எல்லாவற்றுக்கும் மேலே கிளமெண்டின் அக்கா பெனடிக்டா வைக்கும் மீன் குழம்பு ஒன்று இருந்தது. தாயில்லாமல் அக்கா கையால் சாப்பிட்டு வளர்ந்தவன் அவன். அந்தக் குழம்பில் புளி கொஞ்சம் கூடுதல் என்று ஜெசிந்தா வாய் திறந்தால் தீர்ந்தது. சாப்பிட்ட தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து, அவளுடைய பரம்பரையையே இழுத்துப் பேசுவான். அவளும் சும்மா இருக்க மாட்டாள். அரை மணி நேரம் கழித்து இரண்டு பேரும் அதே குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிடுவார்கள்.

அப்படிப்பட்டவன், கப்பலுக்குப் போன இடத்தில், கடைசி இரண்டு மாதமாக ஒரு சண்டைகூடப் போடவில்லை. அதற்கு அவள் பயந்திருக்க வேண்டும். பைத்தியக்காரி, சந்தோஷப்பட்டாள்.

அவள் வேலை பார்த்தது பேச்சுக் கருவிகளைச் சோதிக்கும் ஒரு நிறுவனத்தில். போலிக்குரல்கள் ஊரை ஆட்டிப்படைத்த காலம் முடிந்து கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. பெற்ற பிள்ளை குரலில் எவனோ பேசுவான், செத்துப்போன அப்பன் குரலில் எவளோ அழுவாள். கிளமெண்டின் அண்ணனே அப்படி ஒரு குரலை நம்பிக் குடியிருந்த வீட்டை எழுதிக் கொடுத்தவர். அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. ஒவ்வொரு அழைப்பும் முத்திரையிட்டுப் பூட்டித்தான் போக வேண்டும். எதிரே பேசுவது உண்மையான ஆள் என்றால் கருவியின் முகப்பில் பச்சைப் பொட்டு தெரியும். இல்லையென்றால் சிவப்பு. சிவப்பு தெரிந்தால் கருவி மணியடிக்காது, சும்மா துடிக்கும். எடுப்பதும் விடுவதும் உங்கள் பொறுப்பு. யாரும் எடுப்பதில்லை. சனங்கள் சாமியை நம்பியதைவிட அந்தப் பச்சைப் பொட்டை அதிகமாக நம்பினார்கள்.

கடலில் இருந்து வரும் அழைப்புகள்தான் நிறுவனத்துக்குத் தலைவலி. செயற்கைக்கோள் வழியாக வரும் பேச்சில் பாதி காணாமல் போகும். விட்டுப்போன சொற்களை ஊகித்து நிரப்ப ஒரு பெட்டி செய்தார்கள். அதை நிஜமான மோசமான லைனில் சோதிக்க ஆள் வேண்டும், வீட்டில் யாராவது கப்பலில் இருக்கிறார்களா என்று மேலாளர் முகுந்தன் கேட்டார். தூத்துக்குடியில் போய் அப்படிக் கேட்கலாமா? பாதிப் பேர் கை தூக்கினார்கள். ஜெசிந்தா முதலில் தூக்கிவிட்டாள். அதற்காகக் கிளமெண்டுக்கு வெயிலிலேயே சார்ஜ் ஏறும் ஒரு செயற்கைக்கோள் கருவி இலவசமாகக் கிடைத்தது. கப்பலில் வேறு எவனிடமும் அப்படி ஒன்று இல்லை. சோதனைக்கானது என்பதால் அதில் அவள் கருவியோடு மட்டும்தான் பேச முடியும்.

அவன் விடுப்பில் இருந்தபோது, சாப்பாட்டு மேஜையில் வைத்து அவளே இரண்டு கருவிகளிலும் சோதனைச் சான்றிதழை ஏற்றினாள். இது ஆபத்தானது, இது யார் என்று தெரியாது, நிச்சயமாகச் சேர்க்கவா என்று கருவி விடாமல் எச்சரித்துக்கொண்டே இருந்தது. அவள் எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று அழுத்திக்கொண்டே போனாள். வேலையில் தினமும் செய்வதுதான்.

கிளமெண்ட் எட்டிப் பார்த்தான். "இது என்னட்டி, உங்க கம்பெனி பேரு இதுக்குள்ள எதுக்கு?"

அவள் பொறுமையாகச் சொன்னாள். ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு பட்டியல் இருக்கிறது. முத்திரை குத்த உரிமையுள்ளவர்கள் யார் யார் என்ற பட்டியல். அதில் உள்ளவன் குத்தினால் கருவி கண்ணை மூடிக்கொண்டு நம்பும். இப்போது அதில் நிறுவனத்தின் பெயரையும் சேர்த்தாயிற்று. இனி நிறுவனத்தின் பெட்டி நடுவில் நின்று அழைப்பைப் பிரிக்கும், விட்டுப்போனதை நிரப்பும், தன் முத்திரையைக் குத்தி மறுபடி மூடி அனுப்பும். இரண்டு பக்கமும் பச்சைதான் தெரியும்.

கிளமெண்ட் கப்பலில் இயந்திரம் பார்ப்பவன். எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டான். "அப்போ நான் உங்கிட்ட பேசல. பெட்டிகிட்ட பேசுதேன். பெட்டி உங்கிட்ட பேசுது. அப்படித்தானே?"

"அப்படித்தான். ஆனா நாம பேசுறதைத்தானே அது பேசுது."

"நாம பேசுறதைத்தான் பேசுதுன்னு யாரு சொல்லுதா?"

"நான் சொல்லுதேன். அந்தப் பெட்டியைச் சோதிக்கிறதே நான்தானே."

அதற்கும் ஒரு சண்டை நடந்தது. முடிவில் அவன், பொண்டாட்டியை நம்பாமல் வேறு எவளை நம்பச் சொல்கிறாய் என்று முனகிக்கொண்டே கட்டைவிரலை வைத்தான்.

சோதனை நன்றாக முடிந்தது. முடிந்ததும் எல்லாக் கருவிகளிலிருந்தும் சான்றிதழை நீக்க வேண்டும், அது விதி. அலுவலகக் கருவிகளில் நீக்கினாள். வீட்டுக் கருவியில் நீக்கவில்லை. கடலுக்கு நடுவில் இருந்த அவன் கருவியிலும் நீக்கச் சொல்லவில்லை. பெட்டி இல்லாமல் அவன் குரல் ஈரச் சாக்குக்குள்ளிருந்து வருவதுபோல வரும். பெட்டி இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலக் கேட்கும். புருஷன் குரலை நன்றாகக் கேட்க ஆசைப்பட்டதைப் பெரிய குற்றம் என்று யார் சொல்ல முடியும்? சான்றிதழாவது தானே காலாவதி ஆகியிருக்கலாம். அதைச் செய்த முகுந்தன், வருஷா வருஷம் எவன் புதுப்பிப்பது என்று பத்து வருஷத்துக்குப் போட்டு வைத்திருந்தார்.

ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்ததும் அவன் அழைப்பான். ஆப்பிரிக்கக் கரையோரம் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருக்கிறோம், சரக்கு இறக்க முறை வரவில்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது என்பான். சாப்பாடு எப்படி என்றால் நன்றாக இருக்கிறது. தூக்கம் எப்படி என்றால் நன்றாக இருக்கிறது. அவள் சொல்வதற்கெல்லாம் சரி என்பான். கடல் ஒருவழியாக மனிதனைத் திருத்திவிட்டது என்று அவள் அலுவலகத்தில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

ஆனால் சண்டை இல்லாத வீட்டில் எத்தனை நாள்தான் ஒருத்தி தனியாக இருப்பாள்? நாக்கு ஊறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தாள்.

"உங்க அக்கா மீன் குழம்பு கொடுத்துவிட்டாவ. வாயில வைக்க முடியல. அப்படியே கொட்டிட்டேன்."

காதைக் கருவியிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள். வெடிக்கப் போகிறான் என்று சிரிப்பும் வந்தது.

"பரவாயில்லை ஜெசிந்தா," என்றது கிளமெண்டின் குரல். "உனக்குப் பிடிக்கலைன்னா சரி. உடம்பைப் பார்த்துக்கோ."

அவள் கருவியைக் காதிலிருந்து எடுத்தாள். அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது வாழ்க்கையில் ஒரே தடவை, கோயிலில் பாதிரியார் முன்னால். மற்றபடி ஏட்டிதான். பொட்டைப் பார்த்தாள். பச்சையாக, கொஞ்சமும் நடுங்காமல் எரிந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலையில் முகுந்தன் அறைக்குள் முதலில் நுழைந்தது அவள்தான். புருஷன் சண்டை போடவில்லை என்று புகார் கொடுக்க வந்த முதல் ஆள் நீங்கள்தான் என்று அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரையைத் திறந்தார். பெட்டி வேலையில்லாமல் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். அது தூங்கவில்லை. அவர் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. சென்னைக்குப் போன் போட்டார். சரியான ஆளைப் பிடித்து விஷயத்தைக் கேட்டு முடிக்கும்போது மதியம் தாண்டிவிட்டது. வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"சென்னை டீம் ஒண்ணு நம்ம பெட்டியை எடுத்து வேற வேலைக்குப் பயன்படுத்தியிருக்கு. தணிப்புன்னு ஒரு திட்டம். கஸ்டமர் கேர்ல போன் பண்ணிக் கத்துறாங்கள்ல, அந்தக் கோபம் எதிர்ல இருக்கிறவங்க காதுல விழாமப் பண்றது. சோதிக்க ஓடுற லைன் ஒண்ணு வேணும். இதுல உங்க லைன் திறந்தே கிடந்திருக்கு. நாம யாரோ நடிகர்களை வச்சுப் பேச வைக்கிறோம்னு நினைச்சிட்டாங்க."

"கோபத்தை மட்டும் எடுக்குமா?"

"கோபம், பயம், அழுகை. ரெண்டு பக்கமும் தணியிற வரைக்கும் சொல்லை மாத்திக்கிட்டே இருக்கும். குரல் அவங்கவங்க குரல்தான். எதுக்கும் மறுத்துப் பேசாது. ஒத்துப்போகும்."

"அவர் என்ன சொன்னார்னு எனக்குக் கேக்கணும் சார்."

பெட்டி இடத்தை மிச்சம் பிடிக்க, கடைசி அழைப்பை மட்டும்தான் வைத்திருந்தது. முகுந்தன் அதை ஓடவிட்டார். முதலில் அவன் உண்மையில் பேசியது. ஈரச் சாக்குக்குள்ளிருந்து வரும் அந்தப் பழைய குரல். விட்டுவிட்டு வந்தது.

"ஏட்டி, தண்ணி இன்னும் ரெண்டு நாளைக்குக்கூடக் காணாது. முதலாளி கப்பலை அம்போன்னு விட்டுட்டு ஓடிட்டான்னு அப்பவே சொன்னேன்லா. எண்ணெய் தீர்ந்து போச்சு, ஒரு விளக்குகூட இல்ல, வயர்லெஸ்ஸும் செத்துப்போச்சு. 'ஆபீஸ்ல சொல்லிட்டேன், படகு வருது'ன்னு நீயும் வாராவாரம் சொல்லுத. அதை நம்பி நானும் இந்தப் பயலுவளைப் பிடிச்சு வச்சிருந்தேன். இனி கேக்க மாட்டேங்கானுவ. நாளைக்குச் சாயங்காலம் நீவாடு கரைப்பக்கம் திரும்பி, தண்ணியே கரைக்கு இழுத்துட்டுப் போகுமாம். மிதவையை இறக்கிப் போயிருவோம்ங்கானுவ. அது அடி கிழிஞ்சு ஒட்டுப் போட்ட மிதவை. எனக்கு என்னமோ மனசுக்குச் சரியாப் படல. நீ என்னட்டி சொல்லுத?"

அடுத்து அவள் உண்மையில் பேசியது வந்தது. அக்காவின் குழம்பைக் கொட்டிவிட்டேன் என்றாள். சொல்லும்போதே சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது நன்றாகக் கேட்டது.

அதன் பிறகு, அவன் காதில் விழுந்தது. அவளுடைய குரல்தான். அவளுக்கு வராத சாந்தத்தோடு.

"அவங்க சொல்றது சரிதாங்க. நீங்க கவலைப்படாதீங்க. தைரியமா போங்க."

ஜெசிந்தா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் அவளிடம் கேட்டிருக்கிறான். எவ்வளவு கத்தினாலும் கடைசியில் அவள் வேண்டாம் என்று சொன்னதை அவன் மீறியதே இல்லை. அவள் வேண்டாம் என்று கத்துவாள் என்றுதான் கேட்டிருக்கிறான். நாளை என்று அவன் சொன்னது இன்றைக்கு. இன்று சாயங்காலம்.

கருவியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள். கப்பல் துறை அலுவலகத்தில் நல்ல வேளையாக ஒரு பெண் அதிகாரி எடுத்தார். நடுநடுவே அழுகை வந்தாலும் கப்பல் பெயரையும் இடத்தையும் சொல்லி முடித்தாள். அந்த அம்மா தேவையில்லாத ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அங்குள்ள துறைமுகத்தோடு பேசிவிட்டு அவரே திரும்ப அழைத்தார். அவர்களுடைய படகு பழுது பார்க்கப் போயிருக்கிறது, விடிந்ததும் வேறு படகு தண்ணீரோடு கிளம்பும் என்றார். "ராத்திரி மட்டும் அவங்க கப்பலை விட்டு இறங்காம இருந்தாப் போதும்மா. அங்க நீரோட்டம் கரைக்குப் போற மாதிரி காட்டி வெளியே இழுத்துட்டுப் போகும்னு சொல்றாங்க. எப்படியாவது உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்க."

எப்படியாவது என்ன, இதோ இப்போதே சொல்கிறேன் என்று திரும்பி ஓடிவந்தாள். முகுந்தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். பெரிய காரியம் ஒன்றைச் செய்து முடித்த நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

"பயப்படாதீங்க ஜெசிந்தா. பெட்டியை நிறுத்திட்டேன். எல்லாத்தையும் அழிச்சாச்சு. இனிமே நடுவுல யாரும் இல்ல. நேராப் பேசலாம்."

நிறுவனத்தின் தப்புக்குச் சாட்சியான பேச்சுப் பதிவும் போய்விட்டது. அவர் எதற்கு அவ்வளவு அவசரப்பட்டார் என்று அவளுக்குப் புரிந்தது. அதற்கெல்லாம் சண்டை போட நேரம் இல்லை. தன் கருவியின் பட்டியலிலிருந்து நிறுவனத்தின் பெயரை நீக்கிவிட்டுக் கிளமெண்டை அழைத்தாள். பச்சை தெரிந்தது. அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். அப்போதும் எடுக்கவில்லை. கருவி ஒரு வரி காட்டியது. எதிர்ப்பக்கம் உங்கள் முத்திரையை ஏற்கவில்லை.

"இது என்ன சார்?"

முகுந்தன் வாங்கிப் பார்த்தார். பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தெரியாததா, தினமும் அதிலேயே புழங்குகிற மனிதர். பதற்றத்தில் யோசிக்கவில்லை.

"அவர் கருவி பழகின முத்திரையை ஞாபகம் வச்சுக்கும். அதுக்கு இத்தனை மாசமா ஜெசிந்தான்னா நம்ம பெட்டிதான். இப்போ உங்க நிஜ முத்திரை போனா, யாரோ உங்க பேர்ல புதுசா வர்றாங்கன்னு நினைக்கும். சிவப்பு காட்டும்."

"அப்போ நான் போலியா?"

"அதுக்கு அப்படித்தான். அவர் கையால பட்டியல்லேர்ந்து நம்ம பேரை எடுத்தாத்தான் சரியாகும்."

"அதை அவர்கிட்ட யார் சொல்றது? பெட்டியை மறுபடி போடுங்க சார். அந்தத் தணிப்புக் கருமத்தை மட்டும் எடுத்துட்டுப் போடுங்க. அது வழியா நான் பேசுறேன்."

"முத்திரை குத்துற சாவியையே அழிச்சிட்டேன்மா." அவர் கருவியை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "அதை மறுபடி யாராலயும் செய்ய முடியாது. அப்படித்தான் அது செஞ்சிருக்கு."

சன்னலுக்கு வெளியே உப்பளங்களில் வெயில் சாய ஆரம்பித்திருந்தது. ஜெசிந்தா திட்டவில்லை. கருவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப அழுத்தினாள். அண்ணன் வீடு போன நாளிலிருந்து கிளமெண்ட் ஒரு சிவப்பு அழைப்பைக்கூடத் தொட்டதில்லை என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அழுத்தினாள். மாதாவே ஒரு தடவை எடுக்க வை, ஒரே ஒரு தடவை என்று வாய்விட்டே கேட்டாள். கருவி இப்படி விடாமல் துடித்தால் எரிச்சலில் எடுத்துத் திட்டவாவது செய்வான், அவன் குணம் அது.

எடுத்தான்.

"யாருங்க நீங்க? எதுக்குச் சும்மா சும்மா போன் பண்ணுதீங்க?"

சாக்குக்குள்ளிருந்து வரும் அதே குரல். பின்னால் எதையோ தளத்தில் இழுக்கும் சத்தமும் ஆட்களின் பேச்சும் கேட்டன.

"நான்தாங்க. ஜெசிந்தா. மிதவையில ஏறாதீங்க. காலையில படகு வருது. நெசமாவே வருது, இப்பத்தான் பேசினேன். நேத்து உங்ககிட்ட பேசினது நான் இல்ல. அது பெட்டிங்க. நாம வச்சோமே, சாப்பாட்டு மேஜையில, அந்தப் பெட்டி. பட்டியல்ல கம்பெனி பேரை எடுத்துட்டுப் பாருங்க, பச்சை வரும்."

கொஞ்சம் பொறுங்கடே என்று அவன் பின்னால் யாரையோ அதட்டினான்.

"பட்டியல்ல கை வைக்கச் சொல்லுதீங்க. எங்க அண்ணன்கிட்டயும் இப்படித்தான் சொன்னானுவ," என்றான். "படகு வருதுன்னு நிறையக் கேட்டாச்சும்மா. வைங்க."

அவள் உடைந்துபோனாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினாள். "அறிவு கெட்ட மனுஷா! ஒட்டுப் போட்ட மிதவையில ஏறுதேன்னு சொல்ல வெக்கமா இல்ல? இறங்கிப் பாருங்க, உங்க காலை உடைச்சு அடுப்புல வைக்கேன். உங்க அக்கா வைக்கிற புளித்தண்ணிக் குழம்பைத் தின்னுத் தின்னுதான் இப்படி மூளை மழுங்கிப்போச்சு. கேக்குதா? புளித்தண்ணி! அது மீன் குழம்பே இல்ல!"

முகுந்தன் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் இழுக்கும் சத்தம் நின்றது. கிளமெண்ட் மூச்சு விடுவது கேட்டது. அவன் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. அவளுக்கு உயிர் திரும்பி வந்தது.

"குரல் அப்படியே இருக்கும்மா," என்றான் அவன். கோபமே இல்லை, யாரோ ஒருத்தியிடம் பேசும் மரியாதைதான் இருந்தது. "எங்க வீட்டுச் சண்டையைக்கூட எப்படியோ கண்டுபிடிச்சிட்டீங்க. பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கீங்க. ஆனா அது பழைய ஜெசிந்தா. என் பொண்டாட்டி இப்பல்லாம் திட்டுறது இல்ல. திருந்திட்டா."

தொடர்பு அறுந்தது. அவள் மறுபடியும் அழுத்தினாள். அவன் அந்த முத்திரையைத் தடுத்துவிட்டிருந்தான். இனி அவன் கருவி துடிக்கக்கூடச் செய்யாது.